அமைதிக்காக எழுப்பும் சுவர்



புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவிலிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். அவர்தம் அன்பியக் கூட்டத்தில், சிறைச்சாலைகளில் சாதி பார்த்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றிப் பேச்சு எழுந்ததாம். "ஒருவரையொருவர் வெட்டிக் கொள்ளக் காத்திருப்பவர்களைத் தனித்தனியே அடைத்து வைப்பதில் என்ன பிழை? உயிரைக் காப்பதும் அறமன்றோ?" என்று முதியவர் ஒருவர் கேட்டாராம். "அமெரிக்காவில் கறுப்பு மக்களைத் தள்ளி வைத்தவர்களும் இப்படித்தான் பேசினார்கள், தாத்தா" என்று கல்லூரி மாணவர் ஒருவர் மறுத்தாராம். முடிவு காணாமலே செபம் சொல்லிக் கலைந்தார்களாம். இருவருள் யார் பக்கம் நியாயம் என்று நம்மைக் கேட்கிறார் அவ்வன்பர்.

இவ்வினா ஆவுடையார்கோவிலிலிருந்து வந்தது பொருத்தமே. திருப்பெருந்துறை என்று பழம்பெயர் கொண்ட அவ்வூரின் தலவரலாறே ஒரு சிறைவாசியின் வரலாறு. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொணர்ந்த பொன்னை அங்கே கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பதற்காக, அமைச்சர் வாதவூரர் சிறையிலிடப்பட்டுச் சுடுமணலில் நிறுத்தப்பட்டார் என்று சைவ மரபு கூறும். அவரே மாணிக்கவாசகர். அரசன் குற்றவாளி என்று அடைத்த ஒருவரை அவ்வூர் இன்றளவும் போற்றுகிறது. சிறைக்கதவின் பின்னே இருப்போர் எல்லாரும் இழிந்தோர் அல்லர் என்பதை அவ்வூராருக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆகவே நேரே பொருளுக்கு வருவோம்.

தீர்ப்பு கூறுவது என்ன?

2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள் அமர்ந்த ஆயம் இத்தீர்ப்பை வழங்கியது. சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் பல மாநிலச் சிறைகளின் நிலையை ஆராய்ந்து எழுதியபின், தாமே நீதிமன்றத்தை நாடித் தொடுத்த வழக்கு அது. வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட சிறைக் கையேடுகளின் விதிகள் பல, நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்தும் அப்படியே நிலைத்திருந்தன. சமையல் செய்யத் 'தகுந்த' சாதியார் வேண்டும் என்றது ஒரு மாநிலத்து விதி. கழிவறை துப்புரவுக்கு இன்ன இன்ன சாதியாரைத் தெரிந்தெடுக்க என்று பெயர் சுட்டியது அதே விதிநூல். வெறுங்காவல் தண்டனை பெற்றவருக்கு இழிவான வேலை தரலாகாது, ஆயின் அவ்வேலைக்குப் பழகிய சமூகத்தவராயின் தரலாம் என்றது வேறொரு மாநிலத்து விதி. குற்றத்துக்குத் தண்டனை வழங்குவது நீதிமன்றம். அதற்கு மேலாகப் பிறப்புக்கென்று இன்னொரு தண்டனையை வழங்கியது சிறைக் கையேடு.

இவ்விதிகள் அரசியல் சட்டத்தின் 14, 15, 17, 21, 23 ஆகிய பிரிவுகளுக்கு முரணானவை என்று நீதிமன்றம் கண்டது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிப்பது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுப்பது. மூன்று திங்களுக்குள் கையேடுகளைத் திருத்துமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டதுடன், சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதி என்னும் பத்தியையே நீக்கவும் பணித்தது. வேரைக் கண்டு வெட்டிய ஆணை இது. பதிவேட்டில் சாதி எழுதப்படாவிடில், எவரை எங்கே அடைப்பது, எவர் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது என்று சாதி பார்த்து முடிவு செய்ய அலுவலருக்கு வழி ஏது?

நம் தமிழ்நாடும் இத்தீர்ப்பில் இடம்பெற்றது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் வெவ்வேறு சாதியாரை வெவ்வேறு பகுதிகளில் வைத்திருந்தனர். இதனை எதிர்த்து முன்னரே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மிகுதி, கலந்து வைத்தால் உள்ளேயும் மோதல் எழும் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது; அவ்விளக்கம் அன்று ஏற்கப்பட்டது. ஆவுடையார்கோவில் முதியவர் கூறிய அதே காரணந்தான். உச்ச நீதிமன்றமோ அதனை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் கடமை. அதற்குச் சாதிப் பிரிவினையைக் கருவியாகக் கொள்ளுதல் கூடாது. அமெரிக்காவில் நிறப் பிரிவினையை நியாயப்படுத்தச் சொன்ன வாதமும் இதுவும் ஒன்றே என்று கூறிற்று. ஆக, மாணவர் அமெரிக்காவைச் சுட்டியது வெறும் பேச்சுக்காக அன்று.

ஒரு தொடர்வண்டிப் பயணம்

அமெரிக்காவில் நடந்ததுதான் என்ன? லூசியானா மாநிலம் 1890இல் ஒரு சட்டம் இயற்றியது. தொடர்வண்டிகளில் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் வசதியில் சமமான, ஆனால் தனித்தனியான பெட்டிகள் வேண்டும் என்பது அச்சட்டம். இதனை எதிர்க்கத் துணிந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மக்கள், ஹோமர் பிளெஸ்ஸி என்னும் செருப்புத் தொழிலாளியைத் தெரிந்தெடுத்தனர். அந்நகரின் புனித அகுஸ்தீனார் கத்தோலிக்க ஆலயத்தில் திருமணம் புரிந்தவர் அவர். அவர்தம் முன்னோர் எண்மருள் ஒருவரே ஆப்பிரிக்கர்; பார்வைக்கு வெள்ளையராகவே தோன்றுவார். எனினும் சட்டத்தின் கண்ணில் அவர் கறுப்பரே. 1892 ஜூன் 7ஆம் நாள் பயணச்சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்தார், எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1896 மே 18ஆம் நாள் எழுவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வெளிவந்தது. பிரித்து வைப்பது இழிவு அன்று. இழிவு என்று கறுப்பர் எண்ணினால் அஃது அவர்தம் எண்ணத்தின் குற்றம். பொது அமைதியையும் நல்லொழுங்கையும் கருதி அரசு இவ்வாறு சட்டம் இயற்றலாம் என்றனர் எழுவர். அமைதி என்னும் சொல் அங்கே எப்பணிக்கு அமர்த்தப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். மாறுபட்ட ஒருவர் நீதிபதி ஹார்லன். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்றும், இத்தகைய சட்டம் அமைதியைத் தாராது பகையையே வளர்க்கும் என்றும் அவர் எழுதினார்.

எவர் கூறியது பலித்தது? அத்தீர்ப்பின் நிழலில் பள்ளி, மருத்துவமனை, நீர்க்குழாய், கல்லறை எனத் தென் மாநிலங்களில் எல்லாம் இரண்டாயின. சமம் என்பது ஏட்டில் நின்றது. தனி என்பதே நடைமுறையில் நிலைத்தது. தனித்த பள்ளி என்பதே சமமற்ற பள்ளி என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக உரைக்க 1954 மே 17 வரை காத்திருக்க நேர்ந்தது. பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் செலுத்தி, சட்டத்தின் பார்வையில் குற்றவாளியாகவே மறைந்தார். லூசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2022 சனவரியில்!

சிறைக்குள் வந்த வினா

பள்ளிக்குப் பொருந்துவது சிறைக்கும் பொருந்துமா? அலபாமா மாநிலச் சிறைகளில் நிறம் பார்த்துப் பிரித்து வைத்தலை 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தள்ளியது. ஆயினும் அவ்வினா 2005இல் மீண்டும் எழுந்தது. கலிபோர்னியா மாநிலச் சிறைகளில், புதிதாக வரும் கைதியை முதல் 60 நாள் வரை அவர்தம் இனத்தவருடனேயே ஓர் அறையில் வைக்கும் வழக்கம் இருந்தது. இனத்தின் பெயரால் இயங்கும் கொலைக் கும்பல்கள் அச்சிறைகளில் உண்டு, அது மெய். கைதிகளின் உயிரைக் காக்கவே இவ்வழக்கம் என்றனர் அதிகாரிகள். கறுப்பினக் கைதி ஒருவர் தொடுத்த வழக்கில் ஐவருக்கு மூவர் என்னும் கணக்கில் முடிவு வந்தது. சிறையே ஆயினும் இனம் பார்த்துப் பிரிப்பதாயின் அதற்கு மிகக் கடுமையான சட்டச் சோதனை உண்டு. வேறு வழியே இல்லையா என்பதை அரசுதான் மெய்ப்பிக்க வேண்டும் என்றனர் பெரும்பான்மையோர்.

மாறுபட்டவருள் ஒருவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். அந்நாளில் அம்மன்றத்தில் இருந்த ஒரே கறுப்பினத்தவர், கத்தோலிக்கரும் ஆவார். சிறையின் ஆபத்தைச் சிறை அதிகாரிகளே நன்கு அறிவர், அவர்தம் தீர்மானத்தை மதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே, நம் முதியவரின் கேள்வி மனச்சான்று இல்லாதவர் கேள்வி அன்று. நல்லோரும் கற்றோரும் கேட்ட கேள்வியே அது. அதற்குத் தக்க விடை கூறுவது நம் கடன்.

விடை இதுவே. பிரித்தலை எந்த நீதிமன்றமும் முற்றிலும் தடுக்கவில்லை. கத்தி எடுத்தவனை, மிரட்டியவனை, முன்பகை உள்ள இருவரைப் பிரித்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அது செயலைப் பார்த்துப் பிரித்தல். இன்ன வயிற்றில் பிறந்தான் என்பதற்காக, எவர்மீதும் கை ஓங்காத ஒருவனையும் ஒரு கொட்டடிக்கு அனுப்புதல் பிறப்பைப் பார்த்துப் பிரித்தல். முன்னது காவல்; பின்னது முத்திரை. அம்முத்திரை குத்தப்பட்டவன் உள்ளே வந்த முதல் நாளே தன் சாதிக் கும்பலிடம் ஒப்படைக்கப்படுகிறான். அவனுக்குக் காப்பும் அதுவே, தலைமையும் அதுவே என்று ஆகிவிடுகிறது. சாதிச் சண்டையைத் தடுக்க என்று சொல்லிச் சாதிப் படைகளை அரசே அணிவகுத்து நிறுத்துவது எப்படித் தீர்வாகும்?

இன்னொன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். கூட்டம் மிகுந்து காவலர் குறைந்த இடத்தில் மோதல் எழுவது இயல்பு. விசாரணையை விரைவுபடுத்துதல், பிணை கட்ட இயலாத ஏழைக்கு உதவுதல், போதிய காவலரை அமர்த்துதல் ஆகியவை செலவும் உழைப்பும் கேட்கும் வழிகள். சாதி பார்த்துப் பூட்டுதல் செலவில்லாத வழி. எளிது என்பதாலேயே அது கைக்கொள்ளப்பட்டது.

நம்மிடையே எழுந்த சுவர்கள்

சிறையை விட்டு வெளியே வருவோம். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் எழுப்பப்பட்ட நெடுஞ்சுவர் ஒடுக்கப்பட்டோரின் பாதையை மறித்து நின்றது. அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் அமைதியே. 2008 மே 6ஆம் நாள் அரசு அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. ஆவுடையார்கோவில் அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. அதனை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரின் கண்ணுக்கு அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும் புலப்பட்டது. அதுவரை அவ்வூர் வெளிப்பார்வைக்கு அமைதியாகவே இருந்தது அன்றோ?

இவற்றைப் பிறர் குற்றமாக மட்டும் படித்துவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊர் நம் திருச்சபை வரலாற்றில் புகழ் பெற்றது. நீலகண்டன் என்னும் அரண்மனை அலுவலர் 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது அங்கேதான். சாதி வேறுபாடு கடந்து மாந்தர் எல்லாரும் சமம் என்று அவர் போதித்ததை மேலோர் எனப்பட்டோர் வெறுத்தனர். 1749இல் கைதாகி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையிலும் சித்திரவதையிலும் வாடி, 1752 சனவரி 14ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி கருதாமை காரணமாகச் சிறை புகுந்த தமிழகத்துச் சிறைவாசி அவர்!

அந்த வடக்கன்குளத்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் மக்கள் நின்று வழிபடும் கூடம் இரண்டாகப் பிரிந்திருந்தது. கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்த இரு கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து கூடின. இருபுறத்தாரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. அதனைக் கட்டிய குருக்கள் கொடியோர் அல்லர். இடத்துக்காக நிகழ்ந்த ஓயாத சச்சரவைத் தணிக்க அதுவே வழி என்று நம்பினார்கள். சச்சரவு தணிந்ததா? இல்லை, தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. இறுதியில் 1910இல் அங்கே பணியாற்றிய சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. தமக்கென ஆலயத்தில் தனியிடம் வேண்டும் என்று ஒரு சாரார் ஆயர்மீதே வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில் தனியிடம் கேட்டவர்கள் தோற்றனர்.

அமெரிக்க நீதிமன்றம் தனிப்பள்ளியைத் தள்ளிய 1954ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு முன்னரே, இறைவனின் இல்லத்தில் பிறப்பால் தனியிடம் கோர உரிமை இல்லை என்னும் முடிவு தமிழகத்து ஊர் ஒன்றில் பிறந்தது. நாம் அறிந்து மகிழ வேண்டிய வரலாறு இது. அவ்வழக்கைத் தொடுத்தவர்களும் நம் திருச்சபையின் மக்களே என்பது நாம் நாண வேண்டிய வரலாறு.

2022 மே 15ஆம் நாள் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்குமுன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் திருச்சபை ஏடுகளினின்று நீக்கப்பட்டது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்க 2024இல் உச்ச நீதிமன்றம் ஆணையிடுமுன்னரே, புனிதரின் பெயரிலிருந்து உரோமை அதனை நீக்கிவிட்டது.

நம் வீடுகளில் எப்போது நீங்கும்? பங்குகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகக் கிடக்கிறது. திருவிழாத் தேர் சில தெருக்களுக்குள் திரும்புவதில்லை. அத்தெருவாரிடம் திருவிழா வரியும் வாங்குவதில்லை. மணமக்கள் தேவை என்னும் விளம்பரங்களில் ஆர்.சி. என்ற எழுத்துகளை அடுத்துச் சாதிப்பெயரும் அச்சேறுகிறது. ஏன் என்று கேட்டால், "ஊர் அமைதி கெடும், சுவாமி" என்கிறார்கள். திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியாருக்கு உரிய உரிமைகளுக்குப் புறத்தே நிறுத்தியது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இவ்வநீதியை எதிர்த்து ஆண்டுதோறும் கறுப்புக்கொடி பிடிக்கிறோம், பிடிக்கவும் வேண்டும். ஆனால் கொடி பிடித்துத் திரும்பும் வழியில் நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் கடந்து செல்கிறோமே, அதனை எவரிடம் முறையிடுவது?

எருசலேம் ஆலயத்தில் பிற இனத்தார் கடக்கலாகாத ஒரு தடுப்பு இருந்தது. கடந்தால் மரணம் என்று எச்சரித்த கல்வெட்டு 1871இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அந்தச் சுவரை மனத்திற் கொண்டே, பிரித்து நின்ற தடையைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்னும் கருத்தைப் புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதினார் என்பர் மறைநூல் அறிஞர். சுவர் இருக்கும்போது நிலவும் அமைதியைச் சின்னப்பர் அமைதி என்று எண்ணவில்லை. சுவர் வீழ்ந்தபின் இரு சாராரும் ஒன்றாய் நிற்பதையே அமைதி என்றார்.

குடும்பங்கள் செய்யத் தக்கவை

அன்பியக் கூட்டங்களில் வடக்கன்குளத்து வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மகனுக்கோ மகளுக்கோ வரன் தேடி விளம்பரம் எழுதும்போது சாதிப்பெயரை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். அச்சொல்லை அடிப்பது எத்துணைக் கடினம் என்பது அப்போது விளங்கும். திருவிழாக் கூட்டத்தில் தேர்ப்பாதை பற்றிப் பேச்சு வந்தால், வாய் மூடி இருக்கும் பெரியவர்களுள் ஒருவராக நீங்கள் இராதீர்கள். ஆகஸ்ட் மாதத்துச் சிறைப்பணி ஞாயிறன்று காணிக்கை இடுவதோடு நில்லாது, உங்கள் மறைமாவட்டச் சிறைப்பணிக் குழுவினரிடம், பிணைத்தொகை கட்ட ஆளின்றி அடைபட்டுக் கிடக்கும் ஏழைகளுக்கு நம்மால் இயன்றது என்ன என்று கேளுங்கள். இறுதித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் கேட்கவிருக்கும் கேள்விகளுள் சிறைவாசியைக் கண்டாயா என்பதும் ஒன்று என மத்தேயு நற்செய்தி கற்பிக்கிறது. எந்தச் சாதிச் சிறைவாசி என்று அங்கே வினவப்படுவதில்லை.

முதியவரின் அக்கறையை மாணவர் மதிக்கட்டும், உயிர் பெரிது. மாணவரின் நியாயத்தை முதியவர் ஏற்கட்டும்; பிறப்பைப் பார்த்துப் பூட்டி எந்த உயிரும் நெடுநாள் காக்கப்பட்டதில்லை. புனித தேவசகாயத்தின் வேண்டுதலால், சுவரின்றி அமைதி காணும் மனத்துணிவை இறைவன் நம் குடும்பங்களுக்கும் பங்குகளுக்கும் அருள்வாராக.